சமையலறை வாளியிலிருந்து கொடுங்கையூர் வரை

பசுமை வாழ்க்கை என்று பேச்செடுத்தாலே யாராவது நமக்கு ஒரு பொருளை விற்க வந்துவிடுகிறார்கள். மூங்கில் பல்துலக்கி, எவர்சில்வர் ஸ்ட்ரா, சணல் பை, தேங்காய்ச் சிரட்டையில் செய்த கிண்ணம். வாங்கினால் தப்பில்லை. ஆனால் சென்னை மாதிரி ஒரு நகரத்தில் வசிக்கும் குடும்பம் சுற்றுச்சூழலுக்குச் செய்யக்கூடிய காரியங்களில் பெரியது எது என்று கேட்டால், காசே செலவாகாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தரிக்காய்க் காம்பையும் பால் கவரையும் ஒரே வாளியில் போடாதீர்கள்.

இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறார்களே, குப்பை வண்டியே பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். பாட்டில் ‘பிரித்துக் கொடுங்கள்’ என்பது மட்டும்தான் வருகிறது. கலந்தால் என்ன ஆகிறது, பிரித்தது எங்கே போகிறது, வண்டியில் ஏற்றும்போது மறுபடியும் கலந்துவிட்டால் நாம் பிரித்ததற்கு என்ன பலன்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாத வீட்டில் இரண்டாவது வாளி ஒரு மாதம் தாங்குவதே பெரிது. பிறகு அது துணி ஊற வைக்கப் போய்விடும்.

முதலில் குப்பை போகும் வழியைப் பார்ப்போம். 2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 15 மண்டலம், 200 வார்டு. இத்தனை பெரிய ஊர் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை: சமையலறைக் கழிவு, மிஞ்சிய சோறு, பழத்தோல், பூ, இலை. நாற்பது ஆண்டுகளை ஒட்டி இவை போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழும்பியது. அதே பள்ளிக்கரணை 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் நாரைகள், இன்னொரு பக்கம் குப்பை மலை. துரைப்பாக்கம் பக்கமாக ரேடியல் சாலையில் போகிறவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

வாழைப்பழத் தோல் மக்கக்கூடியதுதானே, கிடங்கில் போய் மக்கிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் காற்றில் இருக்கிறது. காற்றுப் படும் இடத்தில் ஒரு தோல் மக்கினால், பிராண வாயுவில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரியமில வாயுவும் நீராவியும் சூடும் வெளியேற்றி, கடைசியில் கறுப்பு மண்ணாக விட்டுவிடும். அதே தோல் பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போடப்பட்டு, மேலே பத்து மீட்டர் குப்பை ஏறி அமுக்கினால் உள்ளே காற்று போகாது. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வருகின்றன. அவை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

மீத்தேன் எரியும் வாயுவும்கூட. குப்பை மேடுகள் கோடையில் தானாகப் பற்றிக்கொள்வது போலத் தெரிவதன் பின்னணி இதுதான். உள்ளே வாயு, உள்ளேயே அழுகலின் சூடு, வெளியே ஏப்ரல் வெயில், எரிவதற்கு ஏராளமாகப் பிளாஸ்டிக். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடியில் பிடித்த தீயை அணைக்க நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பற்றியபோது அந்த நகரமே பத்து நாளுக்கு மேல் புகைக்குள் கிடந்தது. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்தால் மேல்பரப்புதான் அணையும். அடியில் கனல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது கேடு, சாறு. காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது அழுகிக் கசியும்போது பேட்டரியின் உலோகத்தையும் பெயின்ட் டப்பாவின் ரசாயனத்தையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அடியில் இருப்பது சதுப்பு நிலம் என்றால் அது எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, மக்கும் குப்பையும் கெட்டதில்லை, மக்காத குப்பையும் தனியாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டும் சேரும்போதுதான் ஒவ்வொன்றும் மற்றதைக் கெடுக்கிறது. பழைய பேப்பர் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். காய்ந்த அட்டைப் பெட்டிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று உடனே விலை சொல்வார். ரசம் ஊறிய அட்டையைக் கையாலும் தொட மாட்டார். பால் கவர் கழுவிக் காயவைத்தால் விற்கும் பொருள், பால் புளித்து நாறினால் குப்பை. பொருள் மாறவில்லை, ஈரம் பட்டதுதான் வித்தியாசம்.

பால் கவரைப் பற்றி ஒரு சின்ன விஷயம், அதிகம் பேர் கவனிக்காதது. கவரின் மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் தனியாகத் துண்டித்து விடாதீர்கள். பாதி வெட்டி, துணுக்கு கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். கவர் கடைக்குப் போய்விடும். தனியாக விழுந்த விரல்நகம் அளவுத் துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது சாக்கடைக்கும் அங்கிருந்து கூவத்துக்கும்தான் போகும். தினம் லட்சக்கணக்கான பாக்கெட் வெட்டப்படும் ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை.

கலந்த குப்பையை மொத்தமாக எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் என்ன? இந்த யோசனை பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதிய பெயரில் திரும்பி வரும். 1987-ல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை ஒன்று கட்டினார்கள். 21 நாள் ஓடி நின்றுபோனது. நம் குப்பையில் எரிவதற்கான சூடு போதவில்லை. போதாமல் போனதில் ஆச்சரியமும் இல்லை. பூசணிக்காய்க் குடலும் சாம்பார் சாதமும் எரிய வேண்டுமென்றால் முதலில் அவற்றிலுள்ள தண்ணீர் ஆவியாக வேண்டும், அதற்கே நெருப்பின் பலம் போய்விடுகிறது. இப்போது கொடுங்கையூரில் எரியுலை அமைக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்த்து வருகிறார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் உரம், எண்ணெய் ஆலைகளும் சூழ்ந்த பகுதி அது. இன்னொரு புகைபோக்கி எதற்கு என்று அவர்கள் கேட்பது எனக்குச் சரியாகவே படுகிறது. தெற்குச் சென்னையில் நாம் கலந்து போட்ட குப்பைக்கு வடக்குச் சென்னை ஏன் மூச்சு முட்ட வேண்டும்?

குவிந்த பழைய மேடுகளைக் கரைக்க இப்போது நடக்கும் வேலைக்கு பயோமைனிங் என்று பெயர். மேட்டைத் தோண்டி, கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து உலரவிட்டு, சுழலும் பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக்கும் துணியும் தனி. எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. பெருங்குடியில் இப்படி நிலம் மீண்டு வருகிறது, கொடுங்கையூரிலும் வேலை தொடங்கிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் நாம் நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு நிமிஷத்தில் சமையலறையில் செய்திருக்க வேண்டிய பிரிப்பை இப்போது கோடிக்கணக்கான ரூபாய் கொடுத்து இயந்திரத்தால் செய்கிறோம், அதுவும் அரைகுறையாக.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். “நாங்க பிரிச்சுத்தான் குடுக்கறோம், அவங்க வண்டியில போட்டுக் கலந்துடறாங்களே!” இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பல தெருக்களில் நடப்பதுதான். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமை என்றன. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை என்றும் அதே விதிகள்தான் சொல்லின. விளம்பரப் பலகையில் முதல் பாதி மட்டும் எழுதப்படுகிறது. வண்டியில் தடுப்பு இல்லை, தெருவில் பாதி வீடு கலந்தே தருகிறது, பணியாளருக்கோ குறித்த நேரத்துக்குள் குறித்த தெருக்களை முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியில் நம் ஒரு வாளியின் புனிதத்தை அவர் தனியாகக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.

பிரித்தே கொண்டுபோகும் ஊர்களும் இந்தியாவில் உண்டு. 2017 முதல் 2023 வரை தூய்மைத் தரவரிசையில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த இந்தூரில் 2022 பிப்ரவரியில் நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆலையை எந்த ஊரிலும் கட்டலாம். கண்ணாடித் துண்டும் சானிட்டரி நாப்கினும் கலக்காத 550 டன் தினமும் வாசலுக்கு வந்து சேர்வதுதான் கடினம். அதை இந்தூர் வீட்டு வாசலில் செய்து காட்டியது.

கேரளத்தின் ஆலப்புழை வேறு வழி போனது. ஊர்க் குப்பையெல்லாம் பக்கத்து ஊரான சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012-ல் அந்த ஊர்க்காரர்கள் போதும் என்று லாரிகளை மறித்துவிட்டார்கள். குப்பை தெருவில் நின்றது. நகராட்சி வேறு கிடங்கு தேடி அலைவதற்குப் பதில், வீடுகளுக்குக் குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் மானியத்தில் கொடுத்தது. வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் வைத்தது. ஈரக் குப்பை ஊரை விட்டு வெளியே போவது பெருமளவு நின்றது. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, திடக்கழிவில் முன்மாதிரியான ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

சென்னைவாசிக்கு உதவுவது ஆலப்புழைப் பாடம்தான். வண்டியில் கலக்கிறார்களா? ஈரத்தை வண்டிக்கே கொடுக்காமல் இருந்துவிட்டால் கலப்பதற்கு ஒன்றுமில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ ஈரக் குப்பை சேரும். அதை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால் மிச்சமிருப்பது நாறாத, ஒழுகாத, வாரம் ஒரு முறை கொடுத்தாலும் கெடாத காய்ந்த குப்பை. சமையலறை வாளிக்குப் பிளாஸ்டிக் கவர் போட வேண்டிய அவசியமும் போய்விடும், ஏனென்றால் கவர் போடுவதே ஈரம் ஒழுகும் என்றுதான்.

உரமாக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இதில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

வேண்டியது மூடியுள்ள இரண்டு வாளி. இருபது லிட்டர் பெயின்ட் வாளி போதும். பக்கவாட்டில் சுற்றிலும், அடியிலும், பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் போடுங்கள். அடியில் ஒரு தட்டு. சந்தையில் மூன்றடுக்கு மண்பானைகள் கிடைக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கும், மண்ணின் நுண்துளைகள் ஈரத்தை இழுத்துக்கொள்ளவும் செய்யும். விலைதான் கூடுதல். துணி காயப்போடும் பால்கனியிலோ மொட்டை மாடி நிழலிலோ வாளியை வையுங்கள், மழை படக் கூடாது.

அடியில் நாலு விரற்கடை உயரம் காய்ந்த சருகு. அதன்மேல் அன்றைய காய்கறிக் கழிவு. பெரிய துண்டாக இருந்தால் நறுக்கிப் போடுங்கள், தர்பூசணித் தோலை அப்படியே போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அதன்மேல் மறுபடியும் அதே அளவுக்குச் சருகு. இதில் கஞ்சத்தனம் கூடாது. நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிச்சத்து 25, 30 பங்கு வேண்டும். பச்சைக் கழிவில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிச்சத்து அதிகம். ஒவ்வொரு முறையும் காய்கறியை முழுக்க மறைக்கும் அளவுக்குச் சருகு போட்டால் கணக்குத் தானாகச் சரியாகிவிடும். முதல் வாரத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்கலாம், அல்லது ஏற்கெனவே உரம் போடும் வீட்டிலிருந்து ஒரு பிடி பழைய உரம் வாங்கிப் போடலாம். இரண்டாவதுதான் என் தேர்வு. கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகள் கொஞ்சம் வேகப்படுத்தும், இல்லாவிட்டாலும் நடக்கும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குச்சியால் அடிவரை கிளறிவிடுங்கள். காற்று உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் இதில் உள்ள தொழில்நுட்பம். சரியாக நடந்தால் நடுவில் கை வைக்கும்போது சூடு தெரியும். பெரிய குவியல்களில் 55, 60 டிகிரிவரை போகும். வீட்டு வாளியில் அவ்வளவு ஏறாது, வெதுவெதுப்பு இருந்தாலே போதும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடி கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நின்றால் சரி. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், சருகு போட்டுக் கிளறுங்கள். உதிர்ந்து போனால் காய்ந்துவிட்டது, எறும்பும் வந்திருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எறும்பு போய்விடும்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள், பெருங்குடியில் நடப்பது உங்கள் வாளிக்குள் சின்ன அளவில் நடக்கிறது. மூக்கில் ஏறும் நவச்சார நெடி என்றால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சருகு, கிளறல். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி. பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வாளியையே தூக்கி எறிந்துவிடத் தோன்றும். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈ என்ற வகையின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை ராட்சச வேகத்தில் தின்றுவிட்டுப் பறந்து போய்விடும். பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறைத்து மேலே தடிமனாகச் சருகு மூடுங்கள். பழ ஈக்களுக்கும் அதுவே.

எதைப் போடலாம்? காய்த்தோல், பழத்தோல், கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள், காப்பித்தூள் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு, வாடிய பூ. பூச்சரத்தின் நார் நூலாக இருந்தால் எடுத்துவிடுங்கள், வாழைநார் என்றால் அப்படியே போடலாம். மிஞ்சிய சோறு கொஞ்சமாக, பிழிந்து போடலாம். எண்ணெய் மிதக்கும் குழம்பு, ஊறுகாய், மீன் முள், கறி எலும்பு ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது, எலி வரும். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மாதக்கணக்கில் மக்காது. வாளி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். சென்னை வெக்கையில் 45 முதல் 60 நாளில் முதல் வாளி மழை பெய்த மண்வாசம் அடிக்கும். போட்டதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும், மீதி தண்ணீராகவும் வாயுவாகவும் போயிருக்கும். சலித்துத் தொட்டிச் செடிக்குப் போடலாம். செடியே இல்லாத வீடு என்றால் தெருமரத்தின் அடியில் போடுங்கள், அந்த மரம் வேண்டாம் என்று சொல்லாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது எளிது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்களைப் பெருமளவில் குப்பை உருவாக்குவோர் என்று 2016 விதிகள் வகைப்படுத்தி, ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்தச் சொல்லின. இங்கே ஒரு எச்சரிக்கை. சங்கத்துக்கு இயந்திரம் விற்க வருபவர்கள் “24 மணி நேரத்துல உரம் சார்” என்பார்கள். இயந்திரம் கழிவை அரைத்துச் சூடேற்றி உலர்த்தும். வெளியே வருவது உலர்ந்த கழிவுத்தூள். தண்ணீர் பட்டால் மறுபடி அழுகத் தொடங்கும், வேரில் போட்டால் செடி வாடும். அதைச் சில வாரம் குவித்து ஆறவிட்டால்தான் உரம். மின்கட்டணத்தையும் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செங்கல் இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகளும் கிளறத் தெரிந்த ஓர் ஆளும் பல வளாகங்களுக்குப் போதும். அந்த ஆளுக்குக் கையுறையும் கௌரவமான சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பதைச் சங்கக் கூட்டங்களில் யாரும் முதலில் பேசுவதில்லை.

கையுறை என்றதும், ஈரக் குப்பையிலும் காய்ந்த குப்பையிலும் சேராதவற்றுக்கான மூன்றாவது வாளி நினைவுக்கு வருகிறது. டயப்பர், நாப்கின், சவரப் பிளேடு, இன்சுலின் ஊசி, காலாவதி மாத்திரை, பேட்டரி, டியூப் லைட். இவை அளவில் கொஞ்சம், ஆனால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிப்பதும் நோயைக் கொடுப்பதும் இவைதான். கலந்த குப்பையைப் பிரிக்கும் வேலை கடைசியில் ஒரு மனிதக் கைக்குத்தான் வருகிறது, அது பெரும்பாலும் வெறுங்கை. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பாக ஒரு குறி போடுங்கள். உடைந்த கண்ணாடியைக் கெட்டியான தாளில் பொதிந்து ‘கண்ணாடி’ என்று எழுதிக் கையில் கொடுங்கள். ஊசியைப் பழைய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு மூடி, தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

பிளாஸ்டிக் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. ஜவுளிக்கடைகளில் துணி மாதிரி மொரமொரப்பாகக் கொடுக்கும் பை துணியில்லை, அதுவும் பாலிபுரோப்பிலீன்தான், 2019 தடைப் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே மெழுகு போல் மினுக்கும் காகிதக் கப்பும் அப்படியே. ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட கவர்கள் பெரிய உரக்கூடத்தின் சூட்டில்தான் மக்கும், உங்கள் பெயின்ட் வாளியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பருத்திப் பையும் ஓசியில் வந்ததில்லை. 2011-ல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் போட்டதில், பருவநிலைப் பாதிப்பில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வரவே ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. கல்யாணத் தாம்பூலப் பையாக வந்து கதவுக்குப் பின்னால் தொங்கும் பதினைந்து மஞ்சப்பைகள் அந்த எண்ணை எட்டப்போவதில்லை. இரண்டை எடுத்து வண்டியின் பெட்டியில் போட்டு வையுங்கள், மீதியைக் காய்கறிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

மறுபடியும் சருகுக்கு வருகிறேன், உரம் போடுவதில் எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான். தை, மாசி, பங்குனியில் வேம்பும் பாதாமும் புங்கனும் மாறி மாறி இலை கொட்டும். அப்போது ஒவ்வொரு வளாகத்திலும் காவலாளி அதைப் பெருக்கிக் குவித்து ஒரு மூலையில் தீ வைக்கிறார். திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை உண்டு, ஆனால் யாரும் கேட்பதில்லை. அதே வளாகத்தில் மூன்றாவது மாடிக்காரர் உரவாளிக்காகத் தேங்காய் நார்த்தூள் கட்டியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார். காவலாளியிடம், “அண்ணே, எரிக்காதீங்க, மூட்டை குடுக்கறேன், அதுல கட்டி வச்சிருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லி, நாலு அரிசிச் சாக்கைக் கொடுத்தால் ஒரு வீட்டுக்கு வருஷம் ஓடிவிடும். சாக்கின் வாயைக் கட்டி, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள்.

அந்தச் சாக்குகளின் அருமை ஐப்பசியில் தெரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காற்றிலேயே ஈரம் நிற்கும், வாளிக்குள் எதுவும் உலராது, புழு பெருகும், வீட்டில் முறுமுறுப்பு தொடங்கும். உரம் போடுவதை விட்டவர்களில் பெரும்பாலோர் இந்த மாதங்களில்தான் விட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் காய்கறிக் கழிவை வாளியில் போடுவதற்கு முன் ஒரு வடிகட்டியில் இரவு முழுக்க வைத்து நீரை வடித்துவிடுங்கள், சருகை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போடுங்கள். சருகு தீர்ந்துவிட்டால் பழைய செய்தித்தாளையும் முட்டை அட்டையையும் கிழித்துப் போடலாம், பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம். மரப்பட்டறையில் கேட்டால் இழைத்த தூள் சாக்குக் கணக்கில் கிடைக்கும். வேம்பு, மா, தேக்கு எதுவானாலும் சரி, பிளைவுட் அறுத்த தூளை மட்டும் வாங்காதீர்கள், அதில் பசை கலந்திருக்கும்.